பூட்டி வைத்த நிழல்

கார்ல் சண்டை போட்டால் கீழ்வீட்டுக்குத் தெரிந்துவிடும். கையில் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு டிவி முன்னால் போடுகிற வீடியோ கேம் சண்டைதான். ஆனாலும் மைசூர் பன்னிமண்டபத்து மாடி வீட்டில் அவன் குதிக்கிற குதியில் தலைமேல் சுண்ணாம்பு உதிர்கிறது என்று கௌரம்மா படியேறி வந்து முறையிட்டிருக்கிறாள். வந்தவள் சோபா நுனியில் உட்கார்ந்து ஓர் ஆட்டம் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள் என்பது வேறு விஷயம். கார்ல்மேல் யாராலும் ரொம்ப நேரம் கோபமாக இருக்க முடியாது. அவன் மனைவி ஈவ்லின் எத்தனையோ தடவை முயன்று தோற்றிருக்கிறாள்.

ஆட்டம் இதுதான். திரையில் இரண்டு பேர். தலைக்கு மேலே ஆளுக்கொரு உயிர்க்கோடு. அடி விழ விழக் கோடு கரையும். யாருடையது முதலில் தீர்கிறதோ அவர் தோற்றார். கார்லுக்கு மொட்டைத்தலைப் பயில்வான், ஈவ்லினுக்கு ஈட்டிக்காரி. கல்யாணத்துக்கு முன்பு ஒரு மாலில் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து இந்த ஆட்டத்தின் பழைய பாகத்தை ஆடித்தான் இருவருக்கும் பழக்கம். "எப்படிப் பழக்கம்?" என்று கல்யாணம் பேசப் போன இடத்தில் பாதிரியார் கேட்டதற்கு, "அடிச்சிக்கிட்டோம் ஃபாதர்" என்று கார்ல் உண்மையைச் சொல்லிவிட, ஈவ்லின் மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள்.

இணையத்தில் மற்றவர்களோடு ஆடினால், ஜெயிக்க ஜெயிக்க பெல்ட்டின் நிறம் மாறும். பச்சை, நீலம், பழுப்பு, கடைசியில் கறுப்பு. கார்ல் நீலத்துக்கு விறுவிறுவென்று வந்தான். வந்தவன் அங்கேயே நின்றுவிட்டான். ஒன்றரை வருஷம்! காலையில் ஒரு படி ஏறுவான், சாயங்காலம் இரண்டு படி சறுக்குவான். செக்குமாடு நாளெல்லாம் நடந்தாலும் செக்கைத்தானே சுற்றும். புதுப் புது அடிகளைக் கற்றான், பெரிய ஆட்டக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்தான், விரல் மரத்துப்போகும்வரை பழகினான். நீலம் நீலமாகவே இருந்தது. கார் ஷோரூமில் வாடிக்கையாளர் புகார்களைக் கேட்பது அவன் வேலை. அங்கே பகலெல்லாம் திட்டு வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து அடியும் வாங்கினால் எந்த மனுஷனுக்குத்தான் முகம் வாடாது? ஒரு நாள் கன்ட்ரோலரை சோபாவில் போட்டுவிட்டு, "நான் இவ்வளவுதான் போல ஈவி" என்றான். அவன் ஜெயிக்க வேண்டும் என்று அவனைவிட அவள்தான் அதிகம் ஆசைப்பட்டாள்.

அதனால் முனிராஜைச் சாப்பிடக் கூப்பிட்டதும் அவள்தான். முனிராஜ் மார்டள்ளி என்கிற ஊர்க்காரன், நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. கார்லுக்கு நெடுநாள் சிநேகிதன், கறுப்பு பெல்ட். இவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வீடு திரும்பியதும் வந்து சேர்ந்தான். மட்டன் குழம்பைப் பிசைந்தபடி கார்ல் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"மாப்ள, நீ புதுசா ஒண்ணும் கத்துக்க வேண்டாம். இருக்கறதைக் கழிச்சாப் போதும்" என்றான். "எங்க லைன்ல ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னா மெசினையே தூக்கிப் போட மாட்டம். ஏன் ஆச்சுன்னு ஒரே ஒரு காரணத்தைப் புடிப்பம். அதை எடுத்துப்போட்டுட்டு அடுத்ததுக்குப் போவம். நீ கீழ விழுந்து எந்திரிக்கறப்பல்லாம் ஒரு குத்து விடற. ஊருக்கே அது தெரியுது. காத்திருந்து சாத்தறானுக."

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். நான் என்னடா பண்ணட்டும்?" என்று கார்ல் சிரித்தான்.

"அதான் நிழல் இருக்குதே. அதைப் பூட்டு."

நிழல் என்பது இந்தப் புதுப் பாகத்தில் வந்த வசதி. நாம் ஆடுவதை, டிவியோடு இணைத்த விளையாட்டுப் பெட்டி கவனித்துக்கொண்டே இருந்து, அச்சு அசலாக நம்மைப் போல ஆடுகிற ஓர் ஆளை உண்டாக்கி வைக்கும். நாம் மாறினால் அதுவும் மாறும். முனிராஜின் யோசனை என்னவென்றால், குறையெல்லாம் இருக்கும்போதே நிழலைப் பூட்டிவிட வேண்டும். பூட்டினால் அது புதிதாக எதையும் கற்காது, எதையும் மறக்காது. பிறகு அதனோடு மோதி, ஒரு குறையைப் பார்த்து, அந்தக் குறை தென்படும்போதெல்லாம் அடிக்க வேண்டும். தன் பழக்கம் தன் கண்ணெதிரே அடிவாங்குவதைப் பார்க்கப் பார்க்க மனிதனுக்கு அது விட்டுப்போகும். கார்ல் அப்போதே நிழலைப் பூட்டினான். திரை ஓரத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் வந்து நின்றது.

விழுந்து எழுந்ததும் குத்துகிற பழக்கம் சீக்கிரமே போய்விட்டது. நிழல் எழும், குத்தும். கார்ல் காத்திருந்து அடிப்பான். மறுபடி எழும், மறுபடி குத்தும். பார்க்கிற ஈவ்லினுக்கே நிழல்மேல் பரிதாபமாக இருந்தது. கார்ல் இப்போது விழுந்தால் பதறாமல் எழுந்தான். எழுந்து, எதிராளி என்ன செய்கிறான் என்று பார்த்தான். அவனுக்குப் பழுப்பு பெல்ட் வந்த அன்று கௌரம்மா வீட்டுக்கும் சேர்த்து மைசூர்பாகு வாங்கினார்கள்.

வீட்டிலும் ஒரு மாற்றம் தெரிந்தது. கார்ல் பேச்சில் குறுக்கே விழுகிற ஆள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற ஈவ்லின், வார்டில் நடந்த ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே நுழைந்து வேறு எங்கோ கொண்டுபோய்விடுவான். இப்போது அவள் முடிக்கும்வரை கேட்டான். அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் டீச்சராக இருக்கும் அக்கா ஜேனுக்குப் போன் போட்டு, "என் புருஷன் திருந்திட்டான்க்கா" என்றுகூடச் சொன்னாள். ஷோரூமிலும் நல்ல பேர். கத்த வருகிற வாடிக்கையாளர்கள் கார்ல் முன்னால் கத்தி ஓய்ந்து, என்ன சொல்ல வந்தோம் என்பதையே மறந்து திரும்பிப் போகிறார்களாம்.

அடுத்த குறை, ஆட்டத்தின் நடுவில் காரணமில்லாமல் குதிப்பது. அதற்கடுத்தது, ஒரு நல்ல அடி விழுந்ததும் பயில்வானைக் குனிந்து நிமிர வைத்துக் கொண்டாடுவது. ஒவ்வொன்றாக நிழல்மேல் பார்த்து அடித்தான், ஒவ்வொன்றாக அவனை விட்டுப் போயின. வீடு அமைதியாகிவிட்டது. பாத்ரூமில் பாட்டு நின்றுபோனது. வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது கதவில் தாளம் போடுவான், அதுவும் நின்றது. கீழ்வீட்டில் சுண்ணாம்பு உதிரவில்லை. "மேலே யாரும் இருக்கிற மாதிரியே இல்லையே, ஊருக்குப் போயிருந்தீர்களா?" என்று கௌரம்மா கன்னடத்தில் விசாரித்தாள். இருவரும் வீட்டில்தான் இருந்தார்கள்.

ஈவ்லினுக்கு முதலில் பயம் தட்டியது ஒரு தும்மலில். சாயங்காலம் ஜன்னலோரம் நின்றிருந்தாள். கார்ல் பக்கத்தில் வந்து கைக்குட்டையை நீட்டினான். எதற்கு என்று அவள் கேட்க வாயெடுத்தபோதுதான் தும்மல் வந்தது. "எப்படிடா கொத்தாச்சு?" என்று சிரித்தாள். எப்படித் தெரியும் என்பதைத்தான் பாதிக் கன்னடத்தில் கேட்டாள். "நீ தும்மறதுக்கு முன்னாடி இடது தோளைக் கொஞ்சம் தூக்குவ" என்றான். அவன் சிரிக்கவில்லை.

பிறகு அந்த மதியச் சாப்பாடு. நடுவில் கொதிக்கக் கொதிக்க ரசம் இருந்தது. வார்டில் ஒரு கிழவர் ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்ட கதையை ஈவ்லின் சொல்லிக்கொண்டிருந்தாள். கார்ல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை; தோளையும் முழங்கையையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கட்டைவிரல் தொடைமேல் ஏதோ பொத்தான் இருப்பதுபோல லேசாக அசைந்தது. கதை உச்சத்துக்கு வருவதற்குச் சற்று முன் அவன் தன் தட்டை எடுத்து ஓரமாக வைத்தான். போனையும் எடுத்து வைத்தான். அடுத்த நொடி அவள் கை வீசியதில் ரசக் கிண்ணம் கவிழ்ந்து அவள் மடியில் கொட்டியது.

துடித்துப்போய்க் குழாயடிக்கு ஓடினாள். தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"கார்ல், நான் தட்டிவிடுவேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். கதை முடியறப்ப எப்பவும் இடது கையை வீசுவ."

"அப்புறம் ஏன் கிண்ணத்தை எடுக்கல?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "அது தோணல" என்றான். அவன் குரலில் பொய்யும் இல்லை, வருத்தமும் இல்லை. தொடையில் கிளம்பிய கொப்புளத்தைவிட அந்தக் குரல்தான் அவளுக்கு எரிந்தது.

அவளுக்கு வார விடுமுறை புதன்கிழமை. அந்தப் புதன் பிற்பகல் வெயில் ஹாலில் பாதிக்கு வந்து கிடந்தது. கார்ல் வேலைக்குப் போயிருந்தான். தனியாக இருக்க ஏனோ முடியாமல் ஈவ்லின் டிவியைப் போட்டு, ஈட்டிக்காரியை எடுத்துக்கொண்டு, பூட்டுப் படம் போட்ட அந்த நிழலை எதிரே நிறுத்தினாள்.

மணி அடித்ததுமே பயில்வான் காரணமில்லாமல் ஒரு குதி குதித்தான். அவள் ஒரு குத்துக் குத்தினாள். விழுந்தான், பதறி எழுந்தான், எழுந்ததும் குத்தினான், அது காற்றில் போனது. "அய்யோ" என்று அவளே அவனுக்காகச் சொன்னாள். அவன் ஒரு நல்ல அடி கொடுத்தான். உடனே குனிந்து நிமிர்ந்து கொண்டாடினான். ஈவ்லினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை நாளாயிற்று இந்த மனுஷனைப் பார்த்து! சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியாது. கன்ட்ரோலர் மடியில் கிடந்தது. ஈட்டிக்காரி சும்மா நின்றாள்.

நிழல் அடிக்கவில்லை. சும்மா நிற்கிற ஆளை அடித்தால் சுலபமாக ஜெயித்திருக்கலாம். ஆனால் பயில்வான் கிட்டே வந்து நின்று பார்த்தான். பின்பு மேடையின் ஒரு கோடிக்கு ஓடினான், மறுகோடிக்கு ஓடினான், நடுவில் வந்து தொப்பென்று விழுந்தான். எழுந்து மறுபடி ஓடினான்.

ஈவ்லின் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு திரையருகே குனிந்தாள். இதை அவள் முன்பு பார்த்திருக்கிறாள்.

மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்கு ஐந்தாம் மாதத்தில் பிள்ளை கலைந்துபோனது. வார்டில் ஆள் இல்லை என்று டபுள் டியூட்டி பார்த்துவிட்டு வந்த மறுநாள். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார்; ஈவ்லின் நம்பவில்லை. போகாதே என்று கார்ல் அன்றைக்கு வாசல்வரை வந்து தடுத்திருந்தான். அதன்பின் ஒரு நாள்கூட அவன் அதை எடுத்ததில்லை. எத்தனையோ சண்டை வந்திருக்கிறது, எத்தனையோ வார்த்தை தடித்திருக்கிறது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவன் தொட்டதில்லை. அந்த நாட்களில் அவள் சோறு தண்ணியில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது, கையில் கன்ட்ரோலரைத் திணித்துவிட்டு, தன் பயில்வானை இப்படித்தான் அங்குமிங்கும் ஓடவிட்டு விழ வைப்பான். அவள் உதட்டில் சிரிப்பு வரும்வரை விடமாட்டான்.

ஆனால் அது பழைய பாகம். அது வேறு பெட்டியில் ஆடியது, அந்தப் பெட்டியும் கெட்டுப்போய்த் தூக்கிக் கொடுத்தாயிற்று. நிழல் என்கிற வசதியே அப்போது கிடையாது. இந்தப் புதுப் பெட்டியில் கார்ல் ஒரு தடவைகூட அப்படி ஓடி விழுந்ததில்லை. பிறகு இதை இந்த நிழல் எங்கே பார்த்தது?

அவள் சிலுவை போட்டுக்கொண்டு டிவியை அணைத்தாள். அணைத்த கறுப்புத் திரையில் அவள் உருவம் மட்டும் தெரிந்தது. பயந்தவள் கொஞ்ச நேரத்தில் மறுபடி அதைப் போட்டாள். பேய் என்றே வைத்துக்கொண்டாலும், அது அவளுக்குத் தெரிந்த பேய்.

அந்த ஞாயிறு முனிராஜ் வந்தான். கார்ல் ஆடுவதைப் பார்த்து வாயைப் பிளந்தான். "மாப்ள, ஆளே மாறிட்டியேடா! இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அதை எடுத்துட்டா கறுப்பு பெல்ட்டு."

"என்ன அது?"

"கடைசில எரக்கப்படற. எதிராளிக்கு நூலளவு உசுரு இருக்கறப்ப ஒரு எட்டுப் பின்னால வெச்சு நிக்கற. கண்ணைச் சிமிட்டற நேரந்தான். ஆனா அந்த நேரத்துல அவன் பொழைச்சுக்கறான். உன்ற நிழலைப் பாரு, அங்கயும் அதேதான்."

"அது எப்படிண்ணா குறையாகும்?" என்று ஈவ்லின் சமையலறையிலிருந்தே கேட்டாள். அவள் குரல் உயர்ந்ததில் முனிராஜ் திரும்பிப் பார்த்தான்.

"ஆட்டத்துல குறைதான் தங்கச்சி. கோயில்ல வேணா புண்ணியம்" என்று சிரித்தான். கார்ல் சிரிக்கவில்லை. அவன் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முனிராஜ் போனதும் அவள் கார்ல் எதிரில் போய் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் கொட்டினாள். "அந்த நிழல்ல நீ எதை எதை அடிச்சியோ அதெல்லாம் உன்னை விட்டுப் போயிடிச்சு கார்ல். பாட்டுப் போச்சு, சிரிப்புப் போச்சு. உனக்குத் தெரியல, எனக்குத் தெரியுது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தற. இந்த ஒண்ணை மட்டும் விட்டுடு. பழுப்பு பெல்ட்டே போதும். போதும்னு சொல்றேன். நீ தோத்துட்டு வந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா பரவால்ல, நான் பாத்துக்கறேன்."

அவன் காத்திருந்தான். அவள் நிறுத்திய பிறகும் காத்திருந்தான்.

"முடிச்சிட்டியா?" என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். "சரி" என்று சொல்லிவிட்டுக் கன்ட்ரோலரை எடுத்தான்.

ஆனால் மற்றவை போனதுபோல அது சுலபத்தில் போகவில்லை. சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் கார்ல் உட்காருவான். ஆட்டம் முழுக்க நிழலைப் புரட்டி எடுப்பான், நிழலும் திருப்பிக் கொடுக்கும். இருவரின் உயிர்க்கோடும் நூலளவுக்கு வரும். அப்போது நிழல் ஓர் எட்டுப் பின்னால் வைக்கும். அதே நேரத்தில் கார்லின் பயில்வானும் ஓர் எட்டுப் பின்னால் வைப்பான். ஒரே முகம், ஒரே மொட்டைத்தலை, இரண்டு பேர் எதிரெதிரே நின்றுகொண்டிருப்பார்கள். யாரும் அடிக்கமாட்டார்கள். கடிகாரம் ஓடி ஓடித் தீர்ந்து, ஆட்டம் சமம் என்று வரும். மறுபடி தொடங்குவான். மறுபடி இருவரும் அப்படியே நிற்பார்கள்.

ஈவ்லின் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். அடுப்பில் எதுவோ தீய்ந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறை அவர்கள் அப்படி நிற்கும்போதும், உள்ளே இன்னும் அவன் இருக்கிறான், இன்னும் இருக்கிறான் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. ஆண்டவரே, அவன் தோற்க வேண்டும் என்று ஜெபம் பண்ணினாள். கட்டின புருஷன் தோற்க வேண்டும் என்று எந்தப் பெண்டாட்டியாவது மெழுகுவர்த்தி ஏற்றுவாளா? ஈவ்லின் ஏற்றினாள். கோயில் போகும் வழியெல்லாம் வெட்கமாக இருந்தது, ஆனாலும் ஏற்றிவிட்டுத்தான் வந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கீழே காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போகும் நேரத்தில், அது நடந்தது. நிழல் பின்னால் எட்டு வைத்தது. கார்லின் பயில்வான் வைக்கவில்லை. முன்னால் போய் அடித்தான். நிழலின் கோடு தீர்ந்து அது மல்லாந்து விழுந்தது.

கார்ல் கத்தவில்லை, குதிக்கவில்லை. ஈவ்லின் அவன் தோளைத் தொட்டாள். கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. அவன் திரும்பி, "சாப்பாடு ஆயித்தா?" என்று கேட்டான். என்றைக்கும் கேட்கிற கேள்விதான். ஆனால் அவனைப் பார்த்து அவளுக்கு அந்த நேரம் யாரோ முன்பின் தெரியாத ஆளோடு வீட்டில் மாட்டிக்கொண்டதுபோல இருந்தது.

கறுப்பு பெல்ட் வந்தது. கேள்விப்பட்டு முனிராஜ் ஒரு மோதல் போட்டுப் பார்க்க ஆசையாக ஓடிவந்தான். ஓர் ஆட்டம்கூட அவனால் ஜெயிக்க முடியவில்லை. "போதும் மாப்ள, கையெல்லாம் நடுங்குது" என்று சிரித்தபடி அவன் எழப்போனபோது கார்ல் சொன்னான்:

"உன்னை வேலையை விட்டு எடுத்ததிலிருந்தே உன் கை நடுங்குது. வீட்டுல இன்னும் சொல்லல இல்ல?"

முனிராஜின் முகம் செத்துப்போனது. யாரிடமும் அவன் அதைச் சொல்லியிருக்கவில்லை. காலையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, பொழுது சாயும்வரை எங்கெங்கோ உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். ஈவ்லின் காபி எடுத்துவந்தபோது அவன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கிக்கொண்டிருந்தான். "அண்ணா!" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை.

சமையலறைக்கே அந்தப் பேச்சு கேட்டிருந்தது. "ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டாள்.

"திறந்திருந்தது" என்றான் கார்ல். ஆட்டக்காரர்கள் சொல்கிற வார்த்தை அது. எதிராளி காவலை விட்டுவிட்டான் என்று அர்த்தம்.

அன்றைக்கே அவன் நிழலை அழிக்கப் போனான். அதில் தன் குறைகளைத் தவிர வேறு ஒன்றும் இல்லை, அதனிடம் இனி அடிக்க எதுவும் பாக்கியில்லை, வீணாக இடத்தை அடைக்கிறது என்றான். ஈவ்லின் பாய்ந்து போய்க் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டாள். கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் தரையில் உட்கார்ந்து மறுகையால் அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அதை மட்டும் விட்டுடு. அது இருந்துட்டுப் போகட்டும். உனக்கு என்ன கெட்டுது? எனக்கு அது வேணும் கார்ல். எனக்கு வேற யாரும் இல்ல."

அவன் காத்திருந்தான். அவள் ஏங்கி ஏங்கி ஓய்ந்தாள். அவன் கண் அவள் முகத்தில் நெற்றியிலிருந்து மோவாய்வரை மெதுவாக இறங்கியது. ஷோரூமில் புகாருக்குப் பதில் சொல்கிற நிதானமான குரலில் பேசினான்.

"அன்னைக்கு நான் சொன்னதைக் கேட்டு டூட்டிக்குப் போகாம இருந்திருந்தா, உனக்கு இன்னைக்கு ஒரு குழந்தை இருந்திருக்கும் ஈவி."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். குடித்துவிட்டுச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் கணக்குப் பார்த்துச் சொன்னான். சொல்லிவிட்டு, அவளிடம் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தான். ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்ததும் அவள் விரல்களைக் கன்ட்ரோலரிலிருந்து பிரித்தெடுத்தான். பெட்டி ஏதோ அப்டேட்டை இறக்கிக்கொண்டிருந்தது; முடிய நேரமாகும் போலிருந்தது. "நாளைக்குப் பண்ணிக்கலாம்" என்று எழுந்து போய்விட்டான்.

மறுநாள் காலை அவன் வேலைக்குக் கிளம்பிப் போகும்வரை ஈவ்லின் கட்டிலைவிட்டு எழவில்லை. அவன் போனதும் எழுந்து முகம் கழுவி, டிவிக்குக் கீழே இருந்த பெட்டியின் வயர்களைப் பிடுங்கினாள். அதையும் கன்ட்ரோலரையும் தன் கல்யாணப் புடவையில் சுற்றிப் பையில் வைத்தாள். துணிமணி என்று இரண்டு சுடிதார்தான் எடுத்துக்கொண்டாள். ஸ்ரீரங்கப்பட்டணம் பஸ்ஸில் அந்தப் பையைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாள். கண்டக்டர், "மேலே வையுங்க மேடம்" என்று சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

அக்கா ஜேன் கதவைத் திறந்து, தங்கையின் முகத்தைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டாள். டீச்சர்; பிள்ளைகளின் முகம் பார்த்தே பழகியவள். சோறு போட்டாள். ஈவ்லின் சாப்பிட்டாள். மத்தியானம் போய் சாயங்காலம் வந்தது. கார்லிடமிருந்து போன் வரவில்லை. வராது என்று ஈவ்லினுக்குத் தெரியும். அவள் முதலில் அசைவாள் என்று அவன் காத்திருப்பான். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் காத்திருப்பான்.

அவள் பெட்டியை எடுத்து அக்கா வீட்டு டிவியில் மாட்டினாள். பயில்வான் திரையில் வந்ததும் காரணமில்லாமல் ஒரு குதி குதித்தான். ஈவ்லின் கன்ட்ரோலரை அக்காவின் கையில் கொடுத்தாள். ஜென்மத்தில் அதைத் தொட்டிராத ஜேன், எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாமல் எல்லாவற்றையும் அழுத்தினாள். அடிமேல் அடியாக வாங்கினாள். அவளுடைய கோடு நூலளவாகி, இன்னும் ஒரு தட்டுத் தட்டினால் தீர்ந்துவிடும் என்ற நிலையில் பயில்வான் ஓர் எட்டுப் பின்னால் வைத்து நின்றான்.

"ஏண்டி, அடிக்காம நிக்கிறான்?"

"அவன் அப்படித்தான்க்கா" என்றாள் ஈவ்லின்.

ஜேன் கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். தங்கையின் பக்கம் முழுசாகத் திரும்பி, காலையிலிருந்து கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லு. புருஷனை விட்டுட்டு வந்துட்டியா?"

ஈவ்லின் திரையைப் பார்த்தாள். பயில்வான் இன்னும் காத்துக்கொண்டு நின்றான்.

"இல்லக்கா" என்றாள். "கூட்டிட்டு வந்திருக்கேன்."